முங்கு முசியேவின் தண்ணீர் வாட்ச்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நேரத்தை எங்கள் வாசலில் உரக்க அறிவித்தவர் முங்கு முசியே. புதுச்சேரியில் அவரைப் போலத் தண்ணீருக்குப் பயந்தவரும் இல்லை. கடலில் முங்குகிறவன் கட்டும் வாட்சை அவரைப் போலப் பெருமையாகக் கட்டியவரும் இல்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரான்சில் துலோன் துறைமுகத்தில் ஒரு கடற்படைக்காரன் கையில் பார்த்த வாட்ச் அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. கறுப்பு முகம், இருட்டில் மினுங்கும் பச்சைப் புள்ளிகள், சுற்றிலும் நிமிட எண்கள் போட்ட, திருகினால் சுழலும் வளையம். வளையத்தில் இருக்கும் முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேரே வைத்துவிட்டுக் குதித்தால், உள்ளே போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று வளையமே சொல்லும். அதன் விலைக்கு அவர் சம்பளம் எட்டவில்லை. திரும்பி வந்து, மெட்ராஸ் நடைபாதையில் அதே ஜாடையில் ஒன்றை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து தெருவுக்கு அவர் முங்கு முசியே; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

டூப்ளிகேட்டா என்று கேட்டால் கோபப்பட மாட்டார்.

"தாத்தா பேர பேரனுக்கு வெக்கிறோம். அதுக்காவ பேரன் டூப்ளிகேட்டா? மரியாத, தம்பி. மரியாத."

இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது. முசியே கை கழுவுவதற்கே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மழை நாளில் குடையை மணிக்கட்டுக்குப் பிடித்தபடி, தலை சொட்டச் சொட்ட நடப்பார். வளையம் சும்மா இருக்கக் கூடாது என்று தெருவில் எல்லாவற்றையும் அளப்பார்: முட்டை வேகும் நேரம், சாமியாரின் பிரசங்கம், குழாயடிச் சண்டை.

அப்படிப்பட்டவரிடம்தான் என் மனைவி வசந்தாவின் பிரசவ வலியை அளக்கக் கொடுத்தேன்.

தலைப்பிரசவம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வலி எடுத்தால் வரச் சொன்னார். பதற்றத்தில் என் வாட்சுக்குச் சாவி கொடுக்க மறந்து, அது மத்தியானமே நின்றுபோயிருந்தது. விஷயம் கேள்விப்பட்ட முசியே நாற்காலியோடு வந்துவிட்டார்.

வசந்தா முனகியதும் நான் வாசலுக்கு ஓடிச் சொல்வேன். அவர் நிமிடத்தைப் படிப்பார், முக்கோணத்தை முள்ளுக்கு நேரே வைப்பார், பிறகு கண்ணாடியில் வாயால் ஊதிக் கைக்குட்டையால் பக்தியோடு துடைப்பார். இரண்டு இருபத்திரண்டுக்கு வந்த வலியிலிருந்து முதல் இடைவெளி இருபது நிமிடம். அடுத்தது இருபத்தைந்து. அதற்கடுத்தது முப்பத்தைந்து.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே முனகல் அலறலாகிக்கொண்டிருந்தது. வாசலில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. இப்போதுதானே வந்தது என்று வசந்தா அழுதாள். அதை முசியேவிடம் சொன்னேன்.

"வலியில இருக்கறவங்களுக்கு நேரம் தெரியாது, தம்பி. வாட்சுக்கு வலி கெடையாது பாரு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அலறுகிறவளை விட்டுவிட்டு வளையத்தை நம்பினேன். முள்ளைப் பார்த்து மணியைக் கணக்கிட்டிருந்தாலே போதும். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் அது தோன்றவில்லை.

ஐம்பது நிமிடம் என்று அவர் அறிவித்தபோது, வசந்தாவே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, நீங்க தொடைக்கறப்ப அந்த வளையமும் சேந்து பின்னால சுத்துது."

முசியே இன்னொரு முறை, மெதுவாகத் துடைத்தார். முக்கோணம் கைக்குட்டையோடு பின்னால் நகர்ந்தது. ஐந்து நிமிடத்தைத்தான் ஐம்பது என்று படித்திருக்கிறார். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து ஓடினார். அப்போது மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடை எங்கள் திண்ணைச் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவோடு திரும்பி வந்தார். வசந்தாவோடு நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் முழங்கால் தண்ணீர். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. பின்னாலேயே ஓடி வந்த முசியே குனிந்து சக்கரத்தைப் பிடித்தார். முழங்கை வரை தண்ணீருக்குள். வாட்ச், வாட்ச் என்று கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரே தூக்கு. வண்டி கிளம்பியது, அவர் மழைக்குள் பின்தங்கிப் போனார்.

இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். அளந்துகொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? கதவு சாத்தப்பட்டது. கால் மணி நேரமா, ஒரு யுகமா, அதை அளக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் அழுகுரல். பெண். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினோரு வயது; பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதித்தால், இன்றும் வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.

திட்டுவதற்கு நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். கடைசியில் முசியே வந்து சேர்ந்தார், தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டு. கண்ணாடிக்குள் பாதி அளவுக்குத் தண்ணீர். முள் இரண்டும் அசையவில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாட்ச் முங்கிடுச்சி, தம்பி. அது போவட்டும். தங்கச்சியும் கொழந்தையும் நல்லபடியா மேல வந்துட்டாங்களா?"