கொலைகாரர் கண்டுபிடித்த திருடன்

எங்கள் ராகலை பஜாரில் அந்த மனிதரைப் போல ஆட்களைக் கொன்றவர் இன்னொருவர் பிறக்கவில்லை. விஷம் வைப்பார், கழுத்தை நெரிப்பார், ஓடுகிற ரயிலிலிருந்து தள்ளிவிடுவார். எதுவும் தோன்றாத மாதத்தில் ஒரு பணக்காரரை ஹெலிகொப்டரில் ஏற்றிக் கடலில் போட்டுவிடுவார். வீட்டில் கோழி அறுக்கிற நாளில் மட்டும் காலையிலேயே பஜாருக்கு ஓடிவந்து, கறி கொதித்த பிறகுதான் திரும்பிப் போவார்.

தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு மர்ம நாவல் எழுதுவார். கொழும்பில் அச்சாகி, ஹட்டன் முதல் டயகம வரை எல்லா பஸ் ஸ்டாண்டிலும் லொத்தர் சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கும். வந்த வேகத்தில் தீர்ந்தும் போகும். அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘கொலைகாரர்’. மரியாதையாகத்தான் வைத்தோம்.

நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர், “கொலைகாரரே, முன்னுக்கு வாங்க, சீட் இருக்கு!” என்று கத்துவான். வெளியூர்ப் பெண்கள் குழந்தைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குத் தேடிப் போனால் அவர் மனைவி புஷ்பம் அக்கா முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வார்: “இருக்காரு. ஒரு பொம்பளைய கெணத்துல தள்ளிக்கிட்டு இருக்காரு. முடிஞ்சதும் வருவாரு, ஒக்காருங்க.”

பஜாரில் நான் நடத்தும் கொமினிகேஷனில்தான், அதாவது டைப்பும் போட்டோக்கொப்பியும் எடுத்துக் கொடுக்கிற கடையில்தான், அவர் நாவல்கள் டைப் ஆகும். கொழும்பைத் தாண்டி எங்கும் போகாதவர். ஆனால் கதை நடப்பதெல்லாம் ரோமிலும் இஸ்தான்புல்லிலும். இஸ்தான்புல்லில் வில்லன் பனிமூட்டத்தில் ஒரு சரிவில் உருண்டு, எழுந்து பார்த்தால் முழங்காலில் அட்டை கடித்திருக்கும்.

“அண்ணே, இஸ்தான்புல்ல அட்டை இருக்குமா?”

“ஈரம் இருக்கிற எடத்துல எல்லாம் இருக்கும்மா. நீ டைப் அடி.”

எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான். துப்பறிவாளர் மகிழ்மாறன் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டுவார். மெல்ல நடப்பார். சட்டென்று திரும்பி ஓர் ஆளை நோக்கி விரலை நீட்டுவார். அந்த விரலுக்காகத்தான் சனம் புத்தகம் வாங்கியது. கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நழுவுகிறவர்கள் அதிகமானதும், பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைக்கார முஸ்லிம் நானா அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டார்.

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் வருவது அப்படியில்லை.

அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறிய சமயம், அம்மன் கழுத்திலிருந்த தங்கத் தாலியைக் காணவில்லை. கோயில் கமிட்டி கூடியது. பொலிசுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். தலைவர் மறுத்துவிட்டார்.

“கொலைகாரரு நம்ம தோட்டத்துல இருக்கையில நமக்கு எதுக்குங்க பொலிசு?”

நியாயமாக அவர் மறுத்திருக்க வேண்டும். முதலில் மறுக்கவும் செய்தார். ஆனால், “மகிழ்மாறன் வந்தா அஞ்சே நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாரு” என்று யாரோ சொன்னதும் மனிதரின் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. மணிக்கூடு திருத்துகிறவரிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கினார். வெயிலே இல்லாத ஊரில் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டார். கர்ப்பக்கிருகப் படியில் சேற்றுத் தடம் ஒன்றைக் கண்டு மண்டியிட்டவர், எழுந்திருக்க முடியாமல் ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எப்பிடிங்க இருக்கு?” என்று கமிட்டி கேட்டது.

“எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

தோட்டமே வந்தது. பஜாரிலிருந்து நாங்களும் கடையை மூடிவிட்டுப் போனோம். அவர் மெல்ல நடந்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். திரும்பினார். விரல் நீண்டது. அந்த விரலின் முனையில் கோயிலில் தப்பு மேளம் அடிக்கிற ராசு அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

படியில் இருந்த தடம் செருப்பில்லாத காலுடையதாம். அன்றைக்குச் செருப்பில்லாமல் கோயிலில் நின்றவர் ராசுவாம். கோயிலில் யார்தான் செருப்போடு நிற்பார்கள்? இதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. விரல் தலைவர் பக்கம் திரும்பியிருந்தால் கேட்டிருப்போம். ராசுவின் பக்கம் திரும்பியதால் கைதட்டினோம்.

“சாமி சத்தியமா நான் எடுக்கலங்க” என்று மட்டும் சொன்னார் ராசு அண்ணன். அவருடைய தப்பைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தாலியைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை கோயில் பக்கம் வரக் கூடாது என்றார் தலைவர். யாரோ சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் கொலைகாரர் என் கடையில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். பஜாரே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனதில் மனிதர் பூரித்திருந்தார். அப்போது பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை உள்ளே வந்தது. ராசு அண்ணனின் மகள் சசி, உயர்தர வகுப்பில் படிக்கிறவள். ஒரு பை நிறைய இருந்த புத்தகங்களை மேசையில் எடுத்து அடுக்கினாள். எல்லாமே அவருடைய நாவல்கள். பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தாள்.

“இதெல்லாம் இனி எனக்கு வேணாம் சேர்.”

“ஏம்மா?” என்று கேட்டார். காரணம் தெரிந்தும்தான் கேட்டார்.

“இதுல எல்லாம் கடைசியில நீங்க யாரக் காட்டுறீங்களோ அவன்தான் செஞ்சிருப்பான். ஏன்னா நீங்கதான அவன எழுதுறீங்க. எங்கப்பாவ நீங்க எழுதலையே சேர்.”

அழாமல் சொல்லிவிட்டுப் போனாள். கொலைகாரர் சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அன்றைக்கு ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

மறுநாள் தாலி கிடைத்தது. அம்மனுக்குப் புடவை மாற்றியபோது பழைய பட்டின் சரிகையில் சிக்கி, அப்படியே பெட்டிக்குள் போயிருக்கிறது. ஐயரின் மனைவி புடவையை உதறிக் காயப்போட்டதும் தொப்பென்று விழுந்ததாம். “ஆத்தா தானா வந்துட்டா” என்று கமிட்டி கற்பூரம் கொளுத்தியது. ராசுவின் பேரை யாரும் எடுக்கவில்லை. “கெடைச்சிருச்சில்ல, விடுங்க. திருவிழா நேரத்துல என்னாத்துக்குப் பழைய பேச்சு?” என்றார் தலைவர். அந்தப் பழைய பேச்சு தொடங்கியதே முந்தாநாள்தான்.

கொலைகாரரால் விட முடியவில்லை. மன்னிப்பை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். ‘கார்மேகங்கள் கண்ணீர் சிந்தக் காத்திருந்த அந்தக் காலைப்பொழுதில்’ என்று தொடங்கியது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“எனக்கு இப்பிடித்தாம்மா எழுத வருது” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு, “பெரட்டுக்கு நீயும் வர்றியா? தனியாப் போகக் கால் வரமாட்டேங்குது” என்றார்.

பெரட்டு என்றால், காலையில் எல்லாத் தொழிலாளரும் கூடிப் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிகிற இடம். மழைத் தூறலில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். தாளை விரித்தார். முதல் வரியை ஒருமுறை பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“ராசு, நான் சொன்னது பொய்யிங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். ஒங்க புள்ள மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு. என்னைய மன்னிச்சிருங்க.”

ராசு அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டபடி நின்றார்.

“ஒங்க மேல கோவம் இல்லேன்னு சொல்லமாட்டேன் கிளாக்கரய்யா. இருக்கு. ஆனா கையக் காட்டுனது நீங்க ஒரு ஆளுதான். இங்க நிக்கிற அம்புட்டுப் பேரும் கை தட்டுனாங்க. இப்ப வாயத் தொறந்தது நீங்க ஒருத்தர்தான். பாத்துக்கிட்டீங்களா?”

பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்தார்கள். தலைவர் வானத்தைப் பார்த்து மழையைக் கணித்தார். நான் என் குடைக் கம்பியை ஆராய்ந்தேன். வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா செருமிக்கொண்டு, “சரி, சரி, மலைக்கு ஏறுங்க” என்றார். எல்லோரும் அவசரமாக ஏறினோம். எனக்கு ஏற மலையே இல்லை, நானும் கொஞ்ச தூரம் ஏறிவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த வருடம் ராசு அண்ணன் தப்பைத் தொடவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுத் தேர் இழுத்தார்கள். அடுத்த மாதம் வந்த நாவலில் மகிழ்மாறன் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி, மெல்ல நடந்து, திரும்பி, “எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்” என்றார்.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் போனில் கத்தியது என் கடை முழுக்கக் கேட்டது.

“என்னங்க இது? கொன்னது யாருன்னு சொல்லாம எப்படி முடிக்கிறது?”

“அவருக்குத் தெரியலிங்க. நான் என்னா செய்ய?”

விற்பனை விழுந்தது. நானா ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்தினார்; திறந்து விட்டாலும் படிக்க ஆளில்லை. புஷ்பம் அக்கா மட்டும், “இப்பத்தான் மனுசன் வீட்டுல நிம்மதியாத் தூங்குறாரு” என்றார். ராசு அண்ணன் வழியில் கண்டால் தலையசைப்பதோடு சரி. அதற்கு மேல் அவரும் வரவில்லை, இவரும் கேட்கவில்லை. சசி படிப்பை முடித்து, இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். மாதா மாதம் நானாவின் கடைக்கு வந்து அவருடைய நாவல் ஒன்றை வாங்கிப் போகிறாள். வாங்குகிறவர்களில் அவளையும் சேர்த்து இன்னும் சிலர்தான் மிச்சம்.

போன வாரமும் கொலைகாரர் புதுக் கதையோடு வந்தார். கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை.

“அண்ணே, யாருதான் செஞ்சது?”

“தெரியலம்மா. இன்னும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டி ஒரு பிளேன்ட்டி ஊற்றிக் கொடுத்தேன். “மெதுவா விசாரிங்கண்ணே” என்றேன். “நான் காத்துக்கிட்டு இருக்கேன்.”