காலி ஆசனத்தில் கட்டிங் அண்ணாச்சி

காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இது பிறவிக் கோளாறு இல்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் பண்ணப் போனபோது ஒட்டிக்கொண்டது. "லேபிள்ல வெத்திடம் விட்டா, சரக்கு நமுத்துப் போச்சும்பான்" என்பது முதலாளியின் வேதம். நானும் விரற்கடை இடம் கிடைத்தால் மயில், ரோஜா, தீப்பொறி என்று இறக்கிவிடுவேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு புத்த மடத்திலிருந்து காலண்டர் ஆர்டர் வந்தது. "இத ஒழுங்கா முடி, காலண்டர் செக்‌ஷன் நாற்காலி ஒனக்குத்தான்" என்றார் முதலாளி. ஃபேன் காற்று நேராக விழும் நாற்காலி. மூன்று வருஷமாக அதன்மேல் எனக்கு ஒரு கண்.

அச்சிட வந்த படம் ஒரு பழங்காலப் புடைப்புச் சிற்பம். அரச மரம், அதன்கீழ் ஆசனம், சுற்றிலும் கும்பிட்ட கையோடு கூட்டம், தூண்மேல் ஒரு சக்கரம். ஆசனத்தில் மட்டும் ஆளைக் காணோம்! (எந்த அரைவேக்காடு ஸ்கேன் பண்ணுச்சோ என்று திட்டினேன். அரைவேக்காடு யாரென்று பிறகு தெரிந்தது.)

கம்ப்யூட்டரைத் துழாவினால் முருகன் நாற்பது, லட்சுமி நூறு. புத்தர் ஒருவர்கூட இல்லை. பேப்பர் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணாச்சிக்கு வழுக்கைத் தலை, நீளக் காது. அவரைப் பேப்பர் கட்டுமேல் சம்மணம் போடவைத்து போட்டோ எடுத்தேன்.

"மீசைய எடுக்கணுமா தாயி?" என்று பதறினார்.

"கம்ப்யூட்டர்லயே எடுத்துருதேன் அண்ணாச்சி. அசையாம இருங்க."

ஆசனத்துக்குக் கீழே இரண்டு பாதத் தடங்கள். அழுக்கு என்று துடைத்தேன். சக்கரம் மொட்டையாக நின்றது. தரைச்சக்கர லேபிளுக்குப் போடும் பொறியைச் சுற்றிலும் பறக்கவிட்டேன். அடடா, என்ன களை!

புரூஃப் பார்க்க வயதான துறவி ஒருவர் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"புத்தருங்க சாமி."

அந்த நேரம் பார்த்தா அண்ணாச்சி டீயோடு நுழைய வேண்டும்! துறவி படத்தைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கூச்சத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் காலத்துல புத்தரை ஆளா செதுக்க மாட்டாங்கம்மா. காலி ஆசனம், பாதம், சக்கரம், இதெல்லாந்தான் அவர்" என்றார் துறவி. "நீங்க அவரைச் சுத்தமா துடைச்சிட்டு, இவரை உட்கார வச்சிட்டீங்க."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. பழைய படமே அச்சேறியது. நான் மயிலுக்கும் ரோஜாவுக்கும் திரும்பினேன்.

"அப்ப அந்த நாற்காலி, மொதலாளி?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"காலியாவே கெடக்கட்டும். தெனம் கும்பிட்டுட்டுப் போ."

இன்றும் விருதுநகர் பஸ்ஸில் நான் காலி சீட்டைப் பார்த்து நகர்ந்தால் போதும், என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "ஏ புள்ள, உக்காந்துராத! அங்கன ஆளு இருக்கு!" பிள்ளைகள் இரண்டும் சீட்டைப் பார்த்துக் கும்பிடும். நானும், எழவு, ஒரு நிமிஷம் தயங்கித் தொலைக்கிறேன். அதற்குள் வேறு யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள்.