என் வீட்டில் கேட்ட மா இடிக்கும் சத்தம் பற்றி

786

கல்முனைக்குடி
14.03.1982

கண்ணியமுள்ள அச்சிமுகம்மது மச்சானுக்கு, கச்சிமுகம்மது ஸலாம் கூறி எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான், மனைவி மைமூனா, மகள் நதீரா, பசு, கன்று யாவரும் சுகம். எனது வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் சுகத்தையும் உங்கள் மனைவி சல்மா உம்மாவின் சுகத்தையும் நேரிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை அக்கரைப்பற்று பஸ் சந்தியில் என்னைக் கண்டதும் நீங்கள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

உங்கள் கோபத்தின் காரணம் எனக்கு மறுநாள்தான் தெரிய வந்தது. போன வருடம் உங்கள் மகனை நதீராவுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தேன். பெரும்போக நெல் சூடடித்து முடியட்டும், முடிவு சொல்கிறேன் என்றீர்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். இப்போது நான் நதீராவை வேறு இடத்தில் பேசி முடித்து, கலியாணப் பலகாரத்துக்கு மாவும் இடிக்கிறேன் என்று உங்களுக்குக் கதை வந்திருக்கிறதாம். மச்சான், என் வீட்டில் யாரும் மா இடிக்கவில்லை. இடித்தது என் கால். குடையை மடக்கி வைத்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான். மாப்பிள்ளை கேட்டு வந்த அன்று, உங்கள் வீட்டுக் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும், "இந்தக் காலோட மாப்பிள்ளை அழைக்க வரப்போறீங்களா மச்சான்? மாப்பிள்ளைய நாங்கதான் காரில கொண்டுவந்து விடோணும்போல இரிக்கி" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் பஸ்ஸில் என்னோடு கல்முனை வரை வந்தது. இருபத்திரண்டு வருடம் வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானையாக வரம்பு வரம்பாக நடந்த கால் இது. அந்த வேலையை விட்டு, சாய்மனைக் கதிரையில் விழுந்த பிறகுதான் வயிறு முன்னாலும் கால் பின்னாலும் போனது. எனக்கு இருப்பது ஒரே ஒரு மகள். பஸ் சந்தியிலிருந்து உங்கள் வாசல்வரை நடந்து வந்து, உங்கள் மகனைக் கைபிடித்துக் கூட்டி வர வேண்டும் என்பது என் ஆசை. இதை நான் மைமூனாவிடம்கூடச் சொல்லவில்லை.

டொக்டரிடம் போனேன். உடம்பைக் குறைக்க வேண்டும், தினமும் ஒரு மணித்தியாலம் நடவுங்கள் என்றார். நம் ஊரில் சும்மா நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது, அவர் வெளியூர் ஆள். வாசலைத் தாண்டியதும் "எங்க காக்கா போறீங்க?" என்று கேட்கிறார்கள். எங்கேயும் இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. முதல் நாள் மூன்று பேர் ஒருவர் மாறி ஒருவராக இரக்கப்பட்டு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் ஒருவர் தன் வளவு வழக்கை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டே கூட வந்து, கடைசியில் என்னைத் தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்து இரண்டு வடையும் வாங்கித் தந்தார். மூன்றாம் நாள் நான் வெளியே போகவில்லை.

இதை றியாத்தில் இருக்கும் மகன் சரீபுக்கு எழுதினேன். வீட்டுக்குள்ளேயே செய்யும் தேகப்பயிற்சிப் புத்தகம் ஒன்றை அனுப்பினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் நின்ற இடத்திலேயே ஓடுகிறான். ஒவ்வொரு படத்திலும் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். நானும் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, மண்டபத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் ஓடினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாம் நாள் காலையில் குதிக்காலை நிலத்தில் வைத்தால் ஆணியில் வைத்ததுபோல் இருந்தது, முழங்கால் மடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. சப்பாத்து இல்லாமல் ஓடியதுதான் பிழை வாப்பா, பாதத்தைக் கடுதாசியில் வரைந்து அனுப்புங்கள் என்று சரீப் எழுதினான். நின்றுகொண்டு வரைய முழங்கால் இடம் தரவில்லை. ஆகவே சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே கடுதாசியைப் பாதத்தில் ஒட்டிப் பிடித்து வரைந்தேன். பாரம் ஏறினால் பாதம் அகலும் என்று எனக்கு யார் சொன்னது? லீவில் வந்த ஒருவர் கையில் சப்பாத்து வந்து சேர்ந்தது. கதிரையில் இருக்கும்போது அச்சொட்டாக இருக்கிறது. எழுந்து நின்றால் சின்ன விரல் இரண்டும் உயிரை விடுகின்றன. கடைசியில் பாக்குவெட்டியால் சப்பாத்தின் ஓரத்தில் ஓட்டை போட்டு அந்த விரல்களை வெளியே விட்டேன்.

அப்போதும் சீமெந்து சீமெந்துதானே. முழங்கால் அதிராமல் இருக்க இரண்டு சாக்கில் வைக்கோலை அடைத்து, அதன் மேல் பழைய கதவுப் பலகையைப் போட்டு, அதிலே ஏறி ஓடினேன். முழங்காலுக்கு நல்ல சுகம். ஆனால் பலகைக்கு வாய் முளைத்துவிட்டது. வலி இல்லாத இடது கால் ஓங்கி விழும், வலிக்கிற வலது கால் பயந்து விழும். தொம், தும், தொம், தும். நடுவில் எனக்கு மூச்சு வாங்கி ஹூம், ஹூம். ஒரு கொழுத்த பெண்ணும் ஒரு மெலிந்த பெண்ணும் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போட்டால் வேறு எப்படிக் கேட்கும்? அதுவும் விடிந்தும் விடியாத நேரம், ஜன்னல் சாத்திய வீடு, கலியாண வயதில் மகள். மில்லில் அரைத்த மாவில் கலியாணப் பலகாரம் சுடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பக்கத்து வளவு ஹாஜறா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாலு நாள் காது கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் மீன்காரர் பெரிய பாரைக்குட்டியாகப் பார்த்து எடுத்துத் தந்து, இனி நிறையத் தேவைப்படும்தானே என்றார். தையல்காரர் கடையை விட்டு இறங்கி வந்து ஸலாம் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் என் வயிறு குறைந்ததைத்தான் ஊர் கவனித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கதை அதற்குள் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்கு வந்து சல்மா உம்மாவின் அடுப்படியில் இறங்கியிருந்தது.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை காலை. நான் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். மண்டபத்துக் கதவு படாரென்று திறந்தது. ஹாஜறாவும் இன்னும் ஐந்து பெண்களும் கையில் உலக்கை, அரிதட்டு, சுளகோடு நிற்கிறார்கள். கலியாண வீட்டில் மா இடிக்க அயலைக் கூப்பிடவில்லை என்ற கோபம் அவர்களுக்கு. சாரனை மடித்துக் கட்டி, விரல் வெளியே தெரிகிற சப்பாத்தோடு நான் ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். பிறகு ஹாஜறா மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப காக்கா, இவ்வளவு நாளும் இடிச்சது நீங்களா?"

ஓம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்கள் சிரித்த சிரிப்பில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கதவுக்குப் பின்னால் நின்ற நதீராவும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஹாஜறா, அக்கரைப்பற்றில் நீங்கள் எங்களோடு கோபமாம், இனி இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சல்மா உம்மா சொன்னாராம் என்ற கதையை அவிழ்த்தாள். நதீராவின் சிரிப்பு அப்படியே நின்றது. அடுப்படிக்குள் போய்விட்டாள். மச்சான், குதிக்கால் வலியையும் முழங்கால் வலியையும் தாங்கிவிட்டேன், அவள் அப்படிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தோடும் கவலையோடும் பள்ளிக்குப் போனவன் ஜும்ஆ முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் வீடு திரும்பினேன்.

நேற்று மறுபடியும் டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பலகை வேண்டாம், ஓட்டம் வேண்டாம், ஓட்டை போட்ட சப்பாத்தும் வேண்டாம் என்றார். "குதிச்சா உங்கட பாரம் முழுக்க அந்த முழங்கால்லதான் இறங்கும். ஒரு கால் எப்பவும் நிலத்தில இருக்கட்டும்" என்றார். இன்று காலை மூன்று பன்பாயை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, தளர்வான செருப்போடு, நின்ற இடத்திலேயே நடந்தேன். பூனைகூட விழிக்கவில்லை. ஜன்னலையும் திறந்து வைத்தேன். பிறகு தெருவுக்கு இறங்கிச் சந்திவரை நடந்தேன், முழங்கால் பேசாமல் வந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், மாப்பிள்ளை அழைக்கப் பழகுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ஆகவே மச்சான், நான் வேறு எவரிடமும் மாப்பிள்ளை கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. என் வீட்டில் கலியாண மா ஒரு பிடிகூடக் கிடையாது. சந்தேகமாக இருந்தால் சல்மா உம்மாவை அனுப்பி அடுப்படியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருமகன் என்று கூப்பிட என் வாய் காத்துக்கொண்டிருக்கிற உங்கள் மகனுக்கும், வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் வயலிலும் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. என் காலுக்கும் ஒரு துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு ஆளாகிய மச்சான்,
கச்சிமுகம்மது

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் மைமூனாவுக்கு வாசித்துக் காட்டினேன். மா ஒரு பிடிகூடக் கிடையாது என்ற வரியை வெட்டச் சொல்கிறாள். உலக்கையோடு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, நான் பள்ளியில் இருந்த நேரத்தில் ஐந்து கொத்து அரிசி இடிபட்டிருக்கிறது. ஊறாத அரிசியை இடிக்க முடியாதே, அது முதல் நாள் இரவே ஊறியது எப்படி என்று கேட்டேன், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஹாஜறா வேலியால் விசாரித்தபோது இல்லையென்று சொல்லாமல் சும்மா சிரித்துவிட்டு வந்தவளும் இவள்தானாம். உங்களுக்குச் சூடடித்து முடிய இன்னும் ஒரு வருடம் எடுக்கும் என்று பயந்து, கதை உங்கள் காதில் விழட்டும் என்று விட்டாளாம். மாவை வறுத்து இரண்டு பிஸ்கட் டின்னில் அடைத்தது நதீரா. யாரும் சொல்லாமல் தானாகவே செய்தாளாம். வறுத்த மா ஒரு மாதம்தான் தாங்கும் என்கிறார்கள், மச்சான்.