அரை இஞ்சியரும் மிஞ்சிய கற்களும்

கொழும்பில் ஒரு மதிலைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குள் எத்தனை செங்கல் இருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அவரை 'அரை இஞ்சியர்' என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் பாதிப் படிப்பில் நின்றுபோன இஞ்சினியர் என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். அப்படி ஒன்றுமில்லை. அவர் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். வாழ்நாளில் ஒரு கல்லைக்கூட ஒரு கல்லின்மேல் வைத்தவரல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து நிற்கிற அந்த அரை அங்குலத்தைப் பற்றி மட்டும் ஓயாமல் கதைப்பார்.

"தம்பி, ஒரு கல் எட்டரை இஞ்சி நீளம், ரெண்டரை இஞ்சி உயரம் எண்டு வையுங்கோ. சுவருக்குள்ள போனால் அது ஒம்பது இஞ்சியும் மூண்டு இஞ்சியும்."

"எப்பிடியண்ணை வளரும்?"

"கல் வளரேல்ல. பக்கத்தில ஒரு அரை இஞ்சி சாந்து, மேல ஒரு அரை இஞ்சி சாந்து. அதையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்கோணும். கல்லை மட்டும் அளக்கிறவன், சாந்து நிக்கிற இடத்துக்கும் கல் வாங்குறான். நாலு கல் காணுமான இடத்துக்கு அஞ்சு கல்!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வேதனை வரும். உலகத்தில் இருக்கிற அநியாயங்களில் அவருக்கு இதுதான் பெரிது.

ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கலியாணம். மணவறையில் தாலி கட்டு முடிந்து சனம் வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் நிற்கிறது. இவர் பெண்ணின் தகப்பனாருக்குப் பக்கத்தில் நின்று, மணவறைப் பக்கமாகக் கூர்ந்து பார்த்து, நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"சேர்த்து வைச்ச விதம் சரியில்லை. கனகாலம் நிக்காது."

தகப்பனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சோடா வந்தது, விசிறி வந்தது, பெண்ணின் தாய் அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் அரை இஞ்சியர் மணவறைக்குப் பின்னாலிருந்த மண்டபச் சுவரைக் காட்டி, "நான் அதையெல்லோ சொன்னனான்" என்றார். அந்த வீட்டார் அதன்பிறகு அவரை எதற்கும் அழைக்கவில்லை.

இன்னொரு முறை, ஏதோ ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மதிலை நாடா வைத்து அளந்துகொண்டு நின்றபோது பொலிஸ்காரர் பிடித்துவிட்டார். கொழும்பில் ஒரு தமிழர் அரசாங்க மதிலை அளப்பதற்கு நல்ல காரணம் வைத்திருக்க வேண்டும். "மொகத மே கரன்னே?" என்ன செய்கிறாய் என்று அவர் அதட்ட, இவர் உண்மையைச் சொன்னார்: "கடொல் கணன் கரனவா." கல் எண்ணுகிறாராம். அந்தக் காரணம் பொலிஸுக்குப் போதவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஆளைத் தெரிந்த ஆளைப் பிடித்து, பதறியடித்துப் போய்ச் சேர்ந்தபோது, பெரியவர் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருந்தார். பொறுப்பதிகாரி தன் வீட்டுக் குசினிச் சுவரின் நீள உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அரை இஞ்சியர், "கொஞ்சம் பொறுங்கோ, யன்னலைக் கழிக்கோணும்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்வில் ஒரு மதில் கிடைத்தது.

எங்கள் ஃபிளட்ஸ் கடற்கரைப் பக்கம். முன்னால் மதில், அதற்கு அங்கால் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். உப்புக் காற்றில் உதிர்ந்து உதிர்ந்து நின்ற மதில் ஒரு பெருமழையில் விழுந்துவிட்டது. குடியிருப்பாளர் கூட்டத்தில் கொந்திராத்துக்காரர் இத்தனை கல் வேண்டும் என்று ஒரு கணக்குச் சொன்னார். அரை இஞ்சியர் எழும்பி, "சாந்தை விட்டிட்டீர்" என்றார். அந்த ஆள் விழித்தார். கூட்டம் கைதட்டியது. கல் எடுக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது.

களனிக்கு அங்கால் ஒரு சூளையிலிருந்து லொறி வந்தது. மதில் கட்ட ஒரு சிங்கள மேசன் பாஸ் வந்தார். சாந்தமான மனிதர். அரை இஞ்சியர் அடிமட்டமும் கையுமாக அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தார். பாஸ் "ஹரி மாத்தயா, ஹரி" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டு வேலை செய்தார்.

இடையில் அரை இஞ்சியருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பாஸுக்கு விடுதலை கிடைத்தது. அவர் தன் பெருவிரல் தடிப்புக்குச் சாந்து போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு மதிலை முடித்தார். சாந்து கூடினால் கல் குறையும். காய்ச்சல் விட்டு அரை இஞ்சியர் இறங்கி வந்தபோது வாசலில் செங்கல் குவியல் ஒன்று அவரை வரவேற்றது. ஃபிளட்ஸின் வட்ஸ்அப் குழுவில் அந்தக் குவியலின் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. கீழே ஒருவர், "அரை இஞ்சியோ, அரை லொறியோ?" என்று கேட்டிருந்தார்.

அவர் குவியலைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். பிறகு அறிவித்தார்:

"கல் மிஞ்சேல்ல. மதில்தான் முடியேல்ல. ரயில் றோட்டால கள்ளர் வருவாங்கள். இன்னும் உயர்த்தோணும்."

கள்ளர் என்றதும் எல்லோரும் ஓம் என்றார்கள். பாஸ் திரும்பவும் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். மதில் வரி வரியாக ஏறியது. குவியல் கரைந்தது. அரை இஞ்சியரின் முகத்தில் இரத்தம் ஊறியது.

கீழ்த்தட்டில் நேர்ஸ் அக்கா இருக்கிறா. கொட்டாஞ்சேனைக்காரி. ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே காலத்தைக் கழித்து, இளைப்பாறிய காசில் யன்னலால் கடல் தெரிகிற ஒரு சின்ன வீடு வாங்கித் தனியாக இருப்பவ. அன்று பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மதிலுக்கு முன்னால் போட்டு, இருந்தா.

"ஐயா, இந்த வரியெல்லாம் எதுக்கு?"

"பாதுகாப்புக்கு, மிஸ்."

"எனக்குப் பாதுகாப்பு வேணாம். காத்து வேணும். மிச்சக் கல்லை மறைக்கிறதுக்கு என்ட கடலை ஏன் மறைக்கிறீங்க?"

"கணக்கின்படி பாத்தால், மிஸ்..."

"கணக்கை விடுங்க. ஒருக்கா உள்ளுக்கு வந்து என்ட யன்னல்கிட்ட இருந்து பாருங்க."

போனார். யன்னலடியில் இருந்தார். கண்ணுக்கு முன்னால் செங்கல். செங்கலைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த காட்சிதானே, இப்போது எண்ணத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் எண்ணவில்லை. "என்ர அறையும் இப்பிடித்தான் மிஸ்" என்றார். "யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கலியாணமும் கட்டேல்ல. பாக்கிறதுக்கு அது மட்டுந்தான் இருந்தது. அதைத்தான் எண்ணத் தொடங்கினனான்."

அவரோடு இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறேன். அந்த அறைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை.

வெளியே வந்து பாஸிடம், "கலவன்ன" என்றார். கழற்றச் சொல்கிறார் என்று விளங்கியதும் பாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "மாத்தயாட்ட பிஸ்ஸுத?" பைத்தியமா என்று கேட்டார். சாந்து காயவில்லை. அரை இஞ்சியர் தானே கல்லைக் கழற்றி, வாளித் தண்ணீரில் கழுவி, வாசலில் அடுக்கத் தொடங்கினார். முதலில் பாஸ் சேர்ந்தார். பிறகு நானும்.

அடுத்த நாள் ஒழுங்கையில் போனவர் வந்தவர் எல்லாம் குவியலைக் கண்டு நின்றார்கள். "என்ன அண்ணை, திரும்பவும் மிஞ்சிப் போச்சோ?" பாஸின் பெருவிரலைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காய்ச்சலைச் சொல்லியிருக்கலாம். அவர் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார்.

"பிழை என்ர கணக்கிலதான்."

பின்னேரங்களில் இப்போது நேர்ஸ் அக்காவின் யன்னலடியில் இரண்டு கதிரைகள். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார்கள். என்ன கதைக்கிறார்களோ தெரியாது. ரயில் போகும்போது நிறுத்தி, போன பிறகு தொடர்வார்கள். வேலை முடிந்து களைத்து வருகிற நேரம் அந்த இரண்டு நரைத்த தலைகளையும் கண்டுவிட்டால், நான் படியேறுவதற்கு முதல் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிடுகிறேன்.