திருகில் கை வைத்த கரடி

ஒரு காட்டில், வேட்டைக்கு வந்தவர்கள் யானையைக் கண்டு ஓடிய ஓட்டத்தில் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மிருகங்கள் அவற்றை எடுத்துத் துடைத்து, ஒரு சங்கம் வைத்து, வருடத்துக்கு ஒரு முறை சுடும் போட்டி நடத்தி வந்தன. யாரையும் சுடுவதில்லை. கயிற்றில் தொங்கும் பத்துச் சுரைக்குடுக்கைகளைத்தான் சுடவேண்டும். ஜெயித்தவருக்குத் தேன்பாறை ஒரு வருடம் சொந்தம்.

நான்கு வருடமாக அந்தப் பாறை சடையப்பன் என்ற கரடியிடமே இருந்தது. இத்தனைக்கும் அது பெரிய வீரன் இல்லை. பத்துக்கு ஏழு விழும். ஆனால் அதன் வலப்பக்கம் நின்று சுடும் கொம்பையா என்ற காட்டெருமைக்கு ஐந்துக்கு மேல் விழுந்ததே இல்லை.

சடையப்பனின் மனைவி நாவம்மா இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது தேன் ஒன்றுதான் துணை. நாவம்மா உயிரோடு இருந்தவரை, போட்டியன்று பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்க்கும். கிளம்பும்போது மறக்காமல் சொல்லும்:

“கொம்பையாவுக்கு இடது பக்கமா நில்லுங்க. துப்பாக்கியில இருக்கே, அந்தத் திருகுல மட்டும் கை வைக்காதீங்க.”

ஏன் என்று கேட்டால், “சொன்னாச் செய்யணும்” என்று பேச்சை முடித்துவிடும். ஏதோ ராசி பார்க்கிறது என்று சடையப்பன் நினைத்துக்கொண்டது. போனபிறகும் அந்த இரண்டையும் மீறவில்லை.

இந்த வருடம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொம்பையா குகை வாசலுக்கு வந்தது. வாயில் கவ்வி வந்த ஒரு பித்தளைக் கூட்டைக் கீழே துப்பியது.

“அண்ணே, இது உங்களுதா பாருங்க.”

சுட்டதும் துப்பாக்கி சுடச்சுட வெளியே எறிகிற காலித் தோட்டாக் கூடு அது.

“என்னுதுதான். எங்க கிடந்துச்சு தம்பி?”

“என் காதுக்குள்ள. நேத்து சேத்துல புரளும்போது விழுந்துச்சு. நாலு வருஷமா, சுடுற நேரம் பார்த்துக் காதுல சுரீர்னு கடிக்கும். மாட்டு ஈன்னு நெனச்சுத் தலையை ஆட்டிக்கிட்டே சுட்டேன். வேப்பெண்ணெய்கூடத் தடவிப் பார்த்துட்டேன்.”

“ஐயையோ! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஈ கடிச்சதுக்கு உங்ககிட்ட என்னத்தண்ணே சொல்றது?”

சடையப்பன் கொம்பையாவின் காதைப் பார்த்தது. வரிசையாகச் சூட்டுத் தழும்பு. அன்று அதற்குத் தேன் இறங்கவில்லை.

மறுநாள் சங்கச் செயலாளர் ஆட்காட்டிக் குருவியிடம் வரிசையில் நின்று, தன் துப்பாக்கிமேல் தானே புகார்ப் படிவம் வாங்கி, மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டு, மெக்கானிக் மரங்கொத்தியிடம் போனது. மரங்கொத்தி துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியது.

“குண்டு போகும்போது வர்ற வாயு கொஞ்சம் திரும்பி வந்து போல்ட்டுங்கிற இரும்புத் துண்டைப் பின்னால தள்ளும். காலிக் கூடு வெளிய விழும், அடுத்த தோட்டா தானா ஏறும். எவ்வளவு வாயு வரணும்னு சொல்றதுதான் இந்தத் திருகு. முழுசாத் திறந்தா, கூடு வலப்பக்கம் பறந்துபோய் அடிக்கும். யாரு இதை இப்படித் திறந்து வெச்சது?”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி வீட்ல துடைச்சு வெச்சாங்க. அப்புறம் யாரும் தொடலை.”

“அண்ணாச்சி, நீங்க குடுக்கையைவிட எருமையைத்தான் அதிகமாச் சுட்டிருக்கீங்க.”

மரங்கொத்தி அலகைத் திருகில் வைத்து முழுதாக மூடியது. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடச் சொன்னது. கூடு வெளியே வராமல் வாயிலேயே சிக்கியது. திருகை ஒரு சொடுக்கு திறந்தது. மறுபடி ஒரு தோட்டா. இப்படியே போய், ஆறாவது சொடுக்கில் போல்ட் பின்னால் போய் அங்கேயே நின்றது.

“நின்னுச்சா? வாயு போதும். அழுக்கு சேரும், பனி நாள் வரும், அதுக்காக இன்னும் ரெண்டு சொடுக்கு. அவ்வளவுதான்.”

சடையப்பன் சுட்டுப் பார்த்தது. முன்பெல்லாம் கழுதை உதைத்ததுபோல் தோளை இடிக்கும் (கழுதை மன்னிக்கவேண்டும்). இப்போது யாரோ தோளில் தட்டிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. கூடும் இரண்டு அடி தள்ளிச் சமர்த்தாக விழுந்தது.

போட்டி நாள். ஆட்காட்டி கத்தியது. சடையப்பனுக்குப் பத்துக்கு ஒன்பது! அதன் ஆயுளில் அப்படிச் சுட்டதில்லை. மரத்திலிருந்த மந்திகள் கிளையை உலுக்கிக் கூச்சலிட்டன.

வலப்பக்கம் கொம்பையா தலையை ஆட்டாமல், காதை அசைக்காமல் நின்று சுட்டது. பத்துக்குப் பத்து.

“அண்ணே, உங்க புண்ணியம், இன்னிக்கு ஒரு ஈகூடக் கடிக்கலை!” என்று கொம்பையா கண் கலங்கியது. “எனக்குத் தேன் ஆகாது. ஆனா முதுகு சொறிய அந்தப் பாறை நல்லாயிருக்கும்.”

சடையப்பன் போய், நாவம்மா உட்காரும் கல்லில் முதல்முறையாக உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தது. அந்தக் கல்லிலிருந்து ஒரு குடுக்கைகூடத் தெரியவில்லை. கொம்பையாவின் காது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பிறகு எழுந்து நேராக மரங்கொத்தியிடம் போனது.

“திருகைப் பழையபடி முழுசாத் திறந்துவிடு.”

“முடியாது அண்ணாச்சி. புகார் வந்த துப்பாக்கி. வலப்பக்கத்துக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். படிவம் செயலாளர்கிட்ட இருக்கு.”

மறுபடி வரிசையில் நின்று சடையப்பன் படிவம் வாங்கியது. பெயர் எழுதியது, துப்பாக்கி எண் எழுதியது. ‘காரணம்’ என்ற கட்டம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. காதைப் புறங்கையால் சொறிந்தபடி நெடுநேரம் யோசித்தது. பிறகு எழுதியது: ‘காலஞ்சென்ற என் மனைவியின் ஆசை.’

அது பொய்யும் இல்லை.

தேன்பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த கொம்பையா அந்த ஒரு கட்டத்தை மட்டும் படித்தது. தழும்பேறிய காதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“அண்ணி எவ்வளவு நல்லவங்க!” என்று சொல்லி, மூன்று பிரதியிலும் குளம்பை அழுத்திக் கையெழுத்துப் போட்டது.

அடுத்த வருடம் சடையப்பனுக்கு ஏழு, கொம்பையாவுக்கு ஐந்து. இந்தப் பக்கத்தில் மாட்டு ஈ மறுபடி அதிகமாகிவிட்டது என்று கொம்பையா வருத்தப்பட்டது. சடையப்பன் தன் செலவில் வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுத்தது.

நீதி: குறையைத் திருத்திக்கொள்பவன் ஒன்பது அடித்தும் தோற்பான், அதே குறைக்கு நல்ல காரணம் எழுதத் தெரிந்தவன் ஏழு அடித்துத் தேன் குடிப்பான்.