சப்பான் படத்துக்கு முப்பத்தஞ்சு மார்க்

கணக்கு வாத்தியார் சிவசண்முகம் தம்முடைய நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனிமேல் ஜப்பான் பொம்மைப் படங்களுக்கும் மார்க் போடுவது.

மார்க் போடுவது அவருக்குப் புதிதல்ல. மூச்சு விடுவதற்கு அடுத்தபடி அவர் செய்துவந்த காரியமே அதுதான். கல்யாண வீட்டு அவியலுக்கு மார்க் போட்டிருக்கிறார். ஆழ்வார்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சொர்ணாம்பாளுக்கு அறுபத்திரண்டு போட்டார். தாமிரபரணித் தண்ணீர் ஒன்றுதான் எண்பதைத் தாண்டியது. நூற்றுக்கு நூறு என்பது அவர் சிவப்பு மைக்குப் பழக்கமில்லாத எண்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. போட்ட மார்க்கை அடித்துத் திருத்தமாட்டார். கருணை மார்க் கிடையாது. முதல் சட்டத்துக்கு ஒரே விலக்கு: யாராவது சிபாரிசுக்கு வந்தால் உடனே ஐந்து மார்க் கழிப்பார். போன அரைப்பரீட்சையில் அடுத்த வீட்டு இன்பமணியின் மகள் கணக்கில் முப்பத்து நாலரை வாங்கியிருந்தாள். பாஸாக இன்னும் அரை மார்க். இன்பமணி கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்து, "சார்வாள், அரை மார்க்குதான, பாத்துச் செய்யக் கூடாதா?" என்று கேட்டாள். பிள்ளைக்கு மார்க் இருபத்தொன்பதரை ஆயிற்று. கேக்குக்கு நாற்பத்தேழு போட்டார்.

மார்க்கை அவர் கூட்டமாட்டார் என்பது இன்னொரு சட்டம். திருத்தியவரே கூட்டக் கூடாது என்று விடைத்தாள் திருத்தும் முகாமில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வீட்டைக் கூட்டுவதும் சொர்ணாம்பாள்தான், மார்க்கைக் கூட்டுவதும் சொர்ணாம்பாள்தான். கழிப்பது மட்டும் அவர் இலாகா.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்திருந்த தாஜ் முகம்மது ஒரு புதுச் சேனலைத் திறந்துவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஜப்பான் பொம்மைப் படம். பேச்செல்லாம் இந்தி. பச்சைத் தலைமுடியும் முட்டைக் கண்ணுமாக ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் கடலோரமாகவே போகிறாள். ஒவ்வொரு ஊர்க் கலங்கரை விளக்கத்திலும் ஏறி இறங்கி ஒரு செம்பட்டைத் தலைப் பையனைத் தேடுகிறாள். அவன் ஒரு ஊர் முந்திப் போய்விடுகிறான்.

சார்வாளுக்கு இந்தி ஓர் எழுத்து தெரியாது. அதனால் என்ன? அண்ணனைத் தேடும் தங்கை என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். உடனே ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டார். கதை முப்பது, படம் இருபது, பாசம் இருபத்தைந்து, ஒழுக்கம் பதினைந்து, கையெழுத்து பத்து.

"பொம்மப் படத்துக்கு எங்கன வச்சுங்க கையெழுத்து?" என்றாள் சொர்ணாம்பாள்.

"கோடு சுத்தமா இழுத்திருக்கானான்னு பாக்கதுதான். உனக்குப் புரியாது."

கடைசியில் 'சூழல்' என்று ஒரு கட்டம். பரீட்சை எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் எழுதிவைத்தால்தான் மதிப்பீடு முழுமை பெறும் என்பது அவர் கொள்கை. கரண்ட் போனது, கொசு கடித்தது, சாப்பிட்ட பலகாரம், எல்லாம் அதில் ஏறும்.

முதல் இரண்டு வாரம் எழுபதுக்குக் குறையவில்லை. இதே சேனலில் வந்த மற்ற படங்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய கௌரவம் என்று விளங்கும். இயந்திர மனிதன் படத்துக்குப் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வகையில் பன்னிரண்டு. பந்து விளையாட்டுப் படத்தில் திங்கட்கிழமை உதைத்த பந்து புதன்கிழமைதான் கோலுக்குள் விழுந்தது. அதற்கு ஒன்பது.

ஆனால் சார்வாள் மார்க்கை மனசுக்குள் போடும் ஜாதி இல்லை.

"சொர்ணம், மூக்கப் பாத்தியா? புள்ளி வச்சு விட்டுட்டான். படத்துல மூணு போச்சு."

"பைய சொல்லுங்க."

"தலமுடி பச்ச. ஒழுக்கத்துல ரெண்டு."

"கொஞ்சம் சும்மா இருக்கியளா?"

"இந்தா அழுதா பாரு! அண்ணன நெனச்சு அழுதா. பாசத்துக்கு இருபத்திரெண்டு! இல்ல, இருபத்தொண்ணு. மூக்கு ஒழுகல."

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள் சொர்ணாம்பாள். பதினோராம் நாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்கேருங்க. ஏழு மணிக்கு எனக்கு டிவி வேணும்."

"ஏழு மணிக்கு உனக்கு என்ன இருக்கு?"

"என்னமோ இருக்கு. வேணும்."

இதற்குச் சாதாரணக் கணவர்கள் சண்டை போடுவார்கள். சிவசண்முகம் கணக்கு வாத்தியார். நீதியின் பக்கம் நின்றார்.

"சரி, நாயமாப் பேசுவோம். வார திங்கக்கெழமையில இருந்து இருபது நாள். சராசரி முப்பத்தஞ்சு வந்தா படம் பாஸ். டிவி எனக்கு."

"ஃபெயிலாயிட்டுன்னா?"

"ஃபெயிலாவுமா? எழுவது வாங்குத படம்ளா இது!"

"ஆயிட்டுன்னா?"

"ஆயிட்டுன்னா டிவி உனக்கு. ஏழு மணிக்கு நான் பையத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருதேன். படத்தோட பக்கமே வரமாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கேட்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். அவரோ நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோதுமை ரவை உப்புமா வந்தது. படத்துக்கு முப்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமையும் உப்புமா. முப்பத்தொன்று. புதன்கிழமை வந்தது நேற்றைய உப்புமாவா இன்றைய உப்புமாவா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இருபத்தொன்பது.

"என்னளா, இன்னைக்கும் இதானா?"

"உளுந்து வெல கேட்டியளா? சும்மா சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது."

நாலு வாய் விழுங்கிவிட்டு டிவி முன் உட்கார்ந்தால் அந்தப் பச்சை முடிப் பிள்ளை போகும் பாதையெல்லாம் கோணலாகத் தெரிந்தது. கடல் அலைகூட உப்புமாவாகக் கிளறியதுபோல இருந்தது. "தரம் எறங்கிட்டு சொர்ணம்" என்றார் வருத்தத்தோடு. "எனக்கும் அப்பிடித்தான் தோணுது" என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் அவள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் தோசை வார்த்தாள். அந்த இரண்டு நாளும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மறுபடி தோசைக்கல் கண்ணில் படவில்லை.

இருபதாம் நாள் கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள். பலகாரமே கிடையாது. காலி வயிற்றோடு உட்கார்ந்தார். அன்றைக்கென்று படம் உச்சத்துக்குப் போனது. புயல். விளக்கு அணைந்துவிட்டது. கடைசிக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் செம்பட்டைத் தலைப் பையன் நிற்கிறான். பச்சை முடிப் பிள்ளை படியேறுகிறாள், விழுகிறாள், ஏறுகிறாள். அவனைப் பார்த்ததும் உதடு நடுங்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அங்கேயே 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

சார்வாளின் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் ஓடி வந்திருப்பாள் என்று தோன்றியது. திங்கட்கிழமை ஏழு மணி எப்போது வரும் என்று இருந்தது. வயிறு காய்ந்து கிடந்தும் பேனாவை எடுத்து நாற்பது என்று போடப் போனார்.

"ஏங்க" என்றாள் சொர்ணாம்பாள். குரலில் வெண்ணெய் உருகியது. "பாவம்லா அந்தப் புள்ள. எனக்காக ஒரு நல்ல மார்க்காப் போடுங்களேன்."

சிவசண்முகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிபாரிசா?"

"தெரியாமச் சொல்லிட்டேன்!"

"பொண்டாட்டியா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்." ஐந்தைக் கழித்து, சிவப்பு மையில் முப்பத்தைந்து என்று போட்டு, அடியில் கோடும் இழுத்து, நோட்டை அவளிடம் நீட்டினார். நேர்மையின் சிகரத்தில் இருந்த அவருக்கு அங்கே காற்று குளிர்ச்சியாக அடித்தது.

அவள் கூட்டினாள். மேலிருந்து கீழாக ஒரு தடவை. கீழிருந்து மேலாக ஒரு தடவை.

"அறநூத்தித் தொண்ணூத்தொம்பது."

"எழுநூறு இருக்கணுமே."

"ஒண்ணு கொறையுது. சராசரி முப்பத்து நாலு புள்ளி ஒம்பது அஞ்சு."

சார்வாள் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "ஏட்டி, அது முப்பத்தஞ்சுதான். தோராயம்னு ஒண்ணு இருக்குல்லா? எட்டாங் கிளாஸ்லயே நடத்துதேனே!"

"இன்பமணி மவளுக்கு முப்பத்து நாலரைய எவ்வளவுக்குத் தோராயம் பண்ணுனிய?"

"கடைசி நாளுக்கு நாப்பதுதான் போட வந்தேன். வேணும்னா அத..."

"அடிச்சுத் திருத்தலாமா?"

சார்வாள் சிவப்பு மைப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்குப் பை அவர் கைக்கு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்த சீட்டு பைக்குள்ளேயே மடித்துக் கிடந்தது. ஆறுதலுக்காக நோட்டையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். கத்தரிக்காய்க் கடை பல்பு வெளிச்சத்தில் புரட்டினார். வெண்டைக்காய் வாங்க வந்தவர்களெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உளுந்தவடை, எழுபத்தெட்டு. சுசியம், எழுபத்திரண்டு. உளுந்தவடை, எழுபத்தாறு. உப்புமா, முப்பத்தொன்று. உப்புமா, இருபத்தொன்பது. உப்புமா. உப்புமா. உப்புமா.

மதிப்பெண் என்ற சொல்லில் மதியும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறாள் என்று இருபத்தாறு வருஷ வாத்தியார் உத்தியோகத்தில் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. ஒரு காயும் வாங்காமல் வீட்டைப் பார்த்து ஓடினார்.

நடைவாசலிலேயே உளுந்தவடை மணத்தது. உள்ளே இன்பமணி, அவள் மகள், இன்னும் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சொர்ணாம்பாள். டிவியில் பச்சை முடி. அதே படம்.

"அவன் அண்ணன் இல்லட்டி" என்று சொர்ணாம்பாள் விளக்கிக்கொண்டிருந்தாள். "இவ அப்பா கப்பலுக்குத் தீ வச்சுட்டு ஓடுன பய. அடிச்சுத் தள்ளணும்னுதான் ஊர் ஊராத் தேடுதா. இப்ப பாரு, ரெண்டு கையையும் ஓங்கிட்டு வாரா."

பாசத்துக்குச் சிவசண்முகம் வாரி வழங்கிய மார்க்கெல்லாம் கண் முன்னால் வரிசையாகப் போனது.

"உனக்கு எப்படில இந்தி தெரியும்?" பதற்றத்தில் பெண்டாட்டியை, ஆண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற 'ல' போட்டுவிட்டார்.

"கல்யாணத்துக்கு முந்தியே அக்கா ராஷ்டிரபாஷா முடிச்சவுகல்லா சார்வாள்? ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் இன்பமணி வடையைக் கடித்துக்கொண்டே.

"எத்தன மார்க்கு?" அவரை அறியாமல் வாய் கேட்டுவிட்டது.

"எம்பத்தாறு" என்றாள் சொர்ணாம்பாள்.

"அப்ப நீ கேட்டது... நீ ஏதோ தொடர் பாக்கணும்னுல்லா நான்..."

"தொடர்னு எப்ப சொன்னேன்? டிவி வேணும்னேன். என்னைக்காவது ஒரு நாள் இத நிம்மதியாப் பாக்க விட்டியளா? மூக்குக்கு மூணு, முடிக்கு ரெண்டுன்னு காதுக்குள்ள ஏலம் போட்டுக்கிட்டு!"

டிவியில் இடி இடித்தது. பெண்கள் எல்லோரும் "ஐயோ!" என்று முன்னால் சாய்ந்தார்கள். சிவசண்முகம் முன்வரிசைத் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மானம், மரியாதை, கொள்கை எல்லாவற்றையும் காலிப் பையோடு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பைய, மிகப் பைய, கேட்டார்:

"சொர்ணம்... அவ அவன அடிச்சாளா இல்லையா? அத மட்டும் சொல்லிரு."

சொர்ணாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ஃபெயிலாக்குன படம்லா? கதை என்னத்துக்கு உங்களுக்கு?"