பொட்டலத்தில் வந்த கடலை

மழை பெய்யலாமா வேண்டாமா என்று மேகங்கள் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்த ஒரு காட்டில், பிலோமினா என்றொரு அணில் இருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். இடி இடித்தால் குட்டிகளுக்கும் முந்தி நடுங்குகிறவள் பிலோமினாதான். மரம் விழுமோ, பாம்பு ஏறுமோ, மழை விடாமல் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் எதைத் தின்னுமோ என்று எந்நேரமும் கவலைப்படுவாள்.

அந்தப் பயத்தில்தான் சேர்த்துவைத்த கடலையை எல்லாம் நரி மாசிலாமணியின் கிடங்குக் கம்பெனியில் போட்டாள். ஒன்றுக்கு ஒன்றரையாக மழைக்காலத்தில் தருவதாகச் சொன்னார் மாசிலாமணி. நரியை நம்பலாமா? நரியை யார் நம்பச் சொன்னது! கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் கொக்கு இருந்தார். கம்பெனிகளைக் கட்டிமேய்க்கப் புலி ராஜாவின் சட்டம் இருந்தது.

வருடாந்தரப் பொதுக்கூட்டம் ஆற்றோரம் கூடியது. விலங்குகள் குடும்பத்தோடு வந்திருந்தன, கணக்குக் கேட்க அல்ல, வாசலில் கொடுக்கும் அவித்த கடலைப் பொட்டலத்துக்காக.

கொக்கு தொண்டையைச் செருமினார். "கிடங்குக் கதவை அலகால் தட்டிப் பார்த்தேன். கதவு உறுதியாக இருக்கிறது. உள்ளே நிறைந்திருப்பதாக நிர்வாகம் சொன்னது. அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆகவே கணக்கு உண்மையானது."

யாரும் கைதட்டவில்லை. கைகளில் பொட்டலம் இருந்தது.

பிலோமினா தன் பொட்டலத்தைப் பிரித்தாள். மேலே கிடந்த கடலையின் தோலில் கோணலாக ஒரு பல்தடம். அந்தத் தடத்தை அவளுக்குத் தெரியும். கடைக்குட்டிக்கு முன்பல்லின் நுனி உடைந்திருந்தது. அந்தப் பல்லால் அது வீட்டுக் கடலையை எல்லாம் கடித்துக் கடித்து வைக்கும்.

எழுந்தாள். "ஐயா, இது என் வீட்டுக் கடலை. மழைக்குன்னு போட்டது. இங்க எப்படி வந்துச்சு? கிடங்கைத் திறந்து காட்டுங்க."

"உக்காரும்மா, பொட்டலம் ஆறுது!" என்றது பின்வரிசை எருமை. "உன் கடலை உன்கிட்டயே வந்துருச்சு. அப்புறம் என்ன குறை?"

"திறப்பது என் வேலையில் சேராது," என்றார் கொக்கு.

மாசிலாமணி மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் காதருகே குனிந்தார். "தங்கச்சி, எங்களுக்கு உறவில்லாத ஒரு பெண் இயக்குநர் வேணும்னு ராஜா சட்டம். இதுவரைக்கும் என் மாமியாரை வெச்சு ஓட்டினேன். பாவம், தவறிட்டாங்க. நீங்க வந்து உக்காருங்க. ஒரு மூட்டை கடலை வீட்டுக்கு வரும்."

"எந்தக் கடலை?"

"உள்ள மிச்சமிருக்கிற மூட்டைதான்."

வானம் உறுமியது. பிலோமினா மூன்று வாய்களை நினைத்தாள். மேடையேறி உட்கார்ந்தாள்.

அந்த மழையில் பல பொந்துகளில் அடுப்பு எரியவில்லை. வழியில் வெள்ளம், அதனால்தான் கடலை தரத் தாமதம் என்று கம்பெனி அறிவித்தது. அறிவிப்பின் கீழே கையெழுத்தாகப் பிலோமினாவின் கால்தடமும் இருந்தது.

அடுத்த வருடக் கூட்டத்தில், புதிதாகக் கடலை போட்டிருந்த ஓர் எலித்தாய் பொட்டலத்தைப் பிடித்தபடி எழுந்தாள். "அக்கா, இது என் பிள்ளைக கொறிச்ச கடலை. நீங்களும் பெத்தவங்கதானே, கேட்டுச் சொல்லுங்க."

பிலோமினா அந்தக் கடலையைப் பார்த்தாள். மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் ஒரு விரலைக் காட்டினார்: ஒரு நாற்காலிதான், நீயா அவளா.

"உக்காரும்மா," என்றாள் பிலோமினா. "பொட்டலம் ஆறுது."

நீதி: கேள்வி கேட்பதென்றால் முந்திக்கொண்டு கேள், சட்டம் ஒரு நாற்காலிதான் போடச் சொல்கிறது.